பீன்ஸ் பந்தல் ஈ பெரிதான வரலாறு

தப்பான பெயரைச் சொன்னால் அந்த ஈ வளர்ந்தது. மனதுக்குள் நினைத்தால் ஒன்றும் ஆகவில்லை, வாய்விட்டுச் சொன்னால் மட்டும்தான். பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும் என்பதும் இல்லை, பத்து தெரு தள்ளி நின்று சொன்னாலும் கணக்கில் சேர்ந்தது. இதெல்லாம் பின்னால் ஒவ்வொன்றாகத் தெரியவந்த விவரங்கள். முதல் நாள் காலையில் அது வெந்தயம் அளவுதான் இருந்தது. பீன்ஸ் பந்தலுக்குக் கீழே, யாரோ நூல் கட்டித் தொங்கவிட்டதுபோல் அந்தரத்தில் அசையாமல் நின்றது. வயிற்றில் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டைகள், பச்சைக் கண்களில் செம்புக் கம்பி இழைத்ததுபோல் கோடுகள், முன்கால்கள் இரண்டு மட்டும் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்ட பிள்ளை மாதிரி வெள்ளைக் காலுறை போட்டிருந்தன.

அதை முதலில் பார்த்தவர் சிஸ்டரம்மா. பெரிய ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டைத் தன் கைக்குள் வைத்திருந்த தலைமை நர்ஸ். பணி ஓய்வு பெற்ற மறுநாள், வேலைக்குப் போயே பழகிய கால்கள் வீட்டுக்குள் நிற்க மாட்டேன் என்றதால் கொல்லைப்புறத் தோட்டத்துக்கு வந்திருந்தார். ஈயைப் பார்த்ததும் யோசிக்காமல் "குளவி" என்றார். அவர் கண்ணெதிரிலேயே அது பீன்ஸ் விதை அளவானது. சிஸ்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அதற்குள் டீக் கோப்பையோடு வந்த கணவர் எட்டிப் பார்த்து, "தேனீம்மா அது. பாவம், வழி தெரியாம வந்திருக்கு" என்றார். ஈ வேர்க்கடலை அளவானது. கணவர் கோப்பைக்குள் ஒரு தடவை பார்த்துவிட்டு, "டீல என்ன போட்ட?" என்று கேட்டார். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஆடிட்டர், கேட்காமலே கருத்துச் சொல்லும் பழக்கம் உள்ளவர், "சிஸ்டரம்மா, அது மாட்டு ஈ. கடிச்சா ஒரு வாரத்துக்கு வீங்கும்" என்றார். இப்போது அது சில்வண்டு அளவானது.

வார்டில் முப்பது வருஷம் கண்ணை உருட்டிப் பார்த்த பெண்மணிக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? மற்ற இருவரையும் கையமர்த்திவிட்டு, குனிந்து சிறகுகளை எண்ணினார். இரண்டே இரண்டு. சிறகுக்குப் பின்னால் தீக்குச்சித் தலை மாதிரி இரண்டு குமிழ்கள். குளவிக்கும் தேனீக்கும் நான்கு சிறகு என்று எப்போதோ பள்ளியில் படித்தது அவருக்கு நினைவு வந்தது. "ஈ" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். ஈ வளரவில்லை. "ஏதோ ஒரு ஈ. அதுக்கு மேல எனக்குத் தெரியாது" என்றார். அதற்கும் வளரவில்லை. உடனே நிமிர்ந்து, நோயாளியைச் சுற்றிக் கூடிய உறவினர்களை வெளியே அனுப்பும் குரலில், "தெரியாம யாரும் இங்க வாயத் திறக்கக் கூடாது" என்றார். ஆடிட்டர் ஈரச் சட்டையோடு வீட்டுக்குள் போய்விட்டார்.

அன்று மத்தியானம் வேறு ஊரில் இருக்கும் மகளிடம் போனில் சங்கதியைச் சொன்னபோது, அவள் சிரித்துக்கொண்டே "வண்டா இருக்கும்மா" என்றாள். தோட்டத்திலிருந்து கணவர் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் சிட்டுக்குருவி அளவு. தூரம் ஒரு பொருட்டில்லை என்பது அப்படித்தான் தெரிந்தது. சிஸ்டரம்மா திரும்பப் போன் போட்டு மகளைத் திட்டினார்.

அன்றைக்கே அவர் முடிவு செய்துவிட்டார், அதன் சரியான பெயரைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று. ஒரு ஈக்காக இத்தனை வீம்பா என்று கேட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்த ஒரு பெண்ணுக்குப் பரீட்சைப் பயம் என்று எழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் குடல்வால் வெடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பெண் பிழைத்துக்கொண்டாள், ஆனால் மயிரிழையில். அதிலிருந்து, அவசரத்தில் வைத்த பெயரைக் கண்டால் சிஸ்டரம்மாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும். "பேரு தெரியாதவங்கள எத்தனையோ பேர வார்டுல வெச்சுப் பாத்திருக்கேன். அதுல ஒண்ணும் தப்பில்ல. தப்பான பேர ஒட்டினாத்தான் ஆபத்து" என்பார்.

இது கணவருக்கு ஒத்துவராத பேச்சு. அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர், தெருவுக்கே மாஸ்டர். ஊரில் ஸ்டியரிங் பிடிக்கும் பாதிப் பேர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து திட்டு வாங்கியவர்கள். அவருடைய காரில் கற்றுக்கொடுக்கிறவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். சிஸ்டரம்மா ஏதாவது வேகமாகப் பேச ஆரம்பித்தால் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடியே வலது காலைத் தரையில் ஊன்றி பிரேக் போடுவது அவருடைய வேடிக்கை. அந்த வலது கால் ஒரு வருஷமாகத் தன்பாட்டுக்கு நடுங்கிக்கொண்டிருந்தது. தெருமுனை டாக்டர் வயசு என்றார். இன்னொருவர் வாயு என்றார். மூன்றாமவர் கவலை என்றார். ஒவ்வொருவர் கொடுத்த மாத்திரையையும் மாஸ்டர் ஒரு பிஸ்கெட் டப்பாவில் போட்டு மூடிவைத்தார். காரை வாசலில் நிறுத்தி உறை போட்டுவிட்டு, பெட்ரோல் விலையைக் காரணமாகச் சொன்னார். நரம்பு டாக்டரிடம் காட்டலாம் என்று சிஸ்டரம்மா எத்தனை தடவை கூப்பிட்டும் நகரவில்லை. "பேரு வெச்சுட்டா அது வீட்டுக்குள்ள வந்து உக்காந்துக்கும் சிஸ்டர். இப்போதைக்கு வெளியில நிக்குது. நிக்கட்டும்" என்றார்.

ஈ சமாசாரம் தெருவில் பரவியது. பால்காரர் வந்தார், பள்ளிக்கூட வாத்தியார் வந்தார், ஆடிட்டரின் மனைவி தன் தங்கை குடும்பத்தையே கூட்டிக்கொண்டு வந்தார். எல்லோருக்கும் ஏதாவது ஒரு பெயர் தெரிந்திருந்தது, சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போல் இருந்தது. ஈ புறாவாகி, பிறகு பூனை அளவுக்கு வந்தது. வளர வளர ஒவ்வொரு தப்புக்கும் கூடுகிற அளவு குறைந்துகொண்டே போனது என்பது ஒரு நல்ல அம்சம். இல்லாவிட்டால் தெரு தாங்கியிருக்காது. சிஸ்டரம்மா தோட்டத்துக் கதவில் பூட்டுப் போட்டார். ஈயால் யாருக்கும் தொந்தரவு இல்லை. பூசணிப் பூவில் தேன் குடிக்கும், ஆனால் உட்கார்ந்தால் காம்பு ஒடிந்தது, எனவே நின்றபடியே நாக்கை நீட்டிக் குடிக்கப் பழகிக்கொண்டது. சிஸ்டரம்மா ஒரு வாயகன்ற தட்டில் சர்க்கரைத் தண்ணீர் கரைத்து வைத்தார். அதன் சிறகுக் காற்றில் கொடியில் போட்ட துணி சீக்கிரம் காய்ந்தது. அந்த மாதம் பூசணி காய்த்த காய்ப்புக்கு வைக்க இடம் இல்லாமல் மாடிப்படியில் படிக்கொன்றாக அடுக்கினார்கள். சத்தம்தான் கொஞ்சம் அதிகம், பழைய மின்விசிறி ஓடுகிற மாதிரி.

பெயர் கேட்டு சிஸ்டரம்மா ஏறாத படி இல்லை. கடைசியில் விவசாயக் கல்லூரிக்குப் போய், பூச்சியியல் துறை வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். நாளைக்கு வாருங்கள் என்றார்கள், நாளைக்கும் போய் அதே பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்காமல், ஈக்களைப் பற்றி மட்டும் படித்த ஓர் இளம் விரிவுரையாளர் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஒல்லியான பெண், சாப்பிட மறந்துபோகிற ரகம். தோட்டத்துக்குள் வந்தவள் பூனை அளவு ஈயைப் பார்த்து ஒரு நிமிஷம் ஹெல்மெட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு தரையில் உட்கார்ந்தாள், படுத்தாள், பந்தல் கம்பில் ஏறினாள். வெயில் சாயும்வரை பார்த்தாள். எல்லாம் முடிந்து கையைத் தட்டிக்கொண்டு எழுந்து, "தெரியலம்மா" என்றாள்.

சிஸ்டரம்மா உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்தார். வந்தவர்களில் இந்த வார்த்தையைச் சொன்ன முதல் ஆள் இவள்தான். "சாப்டுட்டுத்தான் போகணும்" என்றார்.

"இது இல்லன்னு சொல்ல முடியும்மா. எதுன்னு சொல்ல நாளாகும்" என்றாள் விரிவுரையாளர். "இந்த வகையில எல்லாம் பாக்க ஒண்ணு மாதிரிதான் இருக்கும். சிறகுல நரம்பு எப்படி ஓடுது, கால்ல முடி எங்க முளைக்குதுன்னு பாத்துத்தான் பிரிப்போம். அதுக்குக் கொன்னு, ஊசில குத்தி, லென்ஸ்ல வெச்சுப் பாக்கணும்."

"கொல்ல வேண்டாம்."

"எனக்கும் மனசு வரல" என்றாள் அவள்.

அதிலிருந்து விடுமுறை நாளெல்லாம் வந்தாள். குளவி இல்லை, மாட்டு ஈ இல்லை, பழ ஈ இல்லை என்று ஒவ்வொன்றாகக் கழித்தாள். இல்லை என்று சொன்னது எல்லாமே உண்மையாக இருந்ததால் ஈ இம்மியும் வளரவில்லை. ஒரு நாள் வெகுநேரம் தயங்கி, "பூ ஈ குடும்பம்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்து பார்த்தபோது ஈ அதே பூனையாகத்தான் நின்றது. மூன்று பேரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். குடும்பம் தெரிந்துவிட்டது, இனி ஆளைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த நிலையில்தான் ஆடிட்டர், தூக்கம் கெடுகிறது என்று நகராட்சிக்குத் தகவல் சொன்னார். சுகாதார ஆய்வாளர் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வந்தார். கெட்ட மனிதர் இல்லை. மழைக்காலத்தில் மூன்று நகராட்சி வார்டுகளின் சாக்கடைக்கும் ஒற்றை ஆளாகப் பதில் சொல்லிச் சொல்லி, எதையும் நின்று பார்க்க நேரம் இல்லாமல் போனவர். சிஸ்டரம்மா அவர் வாயைப் பொத்துவதற்குள், "கொள்ளை நோய் ஈ" என்று சொல்லிவிட்டார். அவர் முகத்துக்கு நேரே பூனை ஒரு சின்ன நாயானது. அவர் வந்த வழி தெரியாமல் பூசணிக்கொடியை மிதித்துக்கொண்டு ஓடினார்.

மறுநாள் காலையில் ஒலிபெருக்கி கட்டிய வண்டி புறப்பட்டது. நாளை இந்தப் பகுதி முழுவதும் மருந்துப் புகை அடிக்கப்படும், கொள்ளை நோய் ஈ ஒன்று வீட்டுத் தோட்டத்தில் பதுங்கியிருக்கிறது, கொள்ளை நோய் ஈயைக் கண்டவர்கள் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும் என்று அறிவிப்பு. வண்டி ஊரின் அடுத்த கோடியிலிருந்து ஆரம்பித்ததால் தோட்டத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ஈ மட்டும் வளர்ந்தது. விட்டு விட்டு, ஒரே சீராக வளர்ந்தது. பீன்ஸ் பந்தல் அதன் முதுகில் ஏறிக்கொண்டு ஒடிந்தது. சிறகுக் காற்றில் குளியலறைத் தகரக் கூரை பறந்து ஆடிட்டர் வீட்டு வாசலில் விழுந்தது. மதில் சுவரில் மேலிருந்து கீழே ஒரு விரிசல் ஓடியது. தண்ணீர்த் தொட்டி மூடியைப் பிடித்துக்கொண்டு நின்ற விரிவுரையாளர், "யாரோ சொல்லிட்டே இருக்காங்கம்மா!" என்று கத்தினாள். அதற்குள் காற்று திசை மாறி, எங்கிருந்தோ ஒலிபெருக்கிக் குரல் மெல்லக் காதில் விழுந்தது.

சிஸ்டரம்மா வீட்டுச் செருப்போடு தெருவில் ஓடினார். முனைவரை ஓடியதும் மூச்சு வாங்கியது. திரும்பிப் பார்த்தபோது மாஸ்டர் காரின் உறையை உருவிக்கொண்டிருந்தார்.

"ஏறு."

"உங்களால ஓட்ட முடியுமா?"

"என் கால் கேக்காது. நீ ஓட்டு."

"எனக்கு ஓட்டத் தெரியாதே!"

"ஊருக்கெல்லாம் கத்துக்குடுத்தேன். பொண்டாட்டிக்குக் கத்துக்குடுக்க இன்னிக்குத்தான் நேரம் வந்திருக்கு. கிளட்ச மிதி. மிச்சத்த நான் சொல்றேன்."

கல்யாணமான புதிதில் ஒரு தடவை முயன்று, தெரு முனையைத் தாண்டுவதற்குள் சண்டையாகி, இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நடந்து வீடு திரும்பியதோடு அந்தப் பாடம் நின்றிருந்தது. இப்போது சிஸ்டரம்மா கிளட்சை மிதித்தார். மாஸ்டர் பக்கத்திலிருந்து கியரைத் தள்ளினார். கார் இரண்டு குதி குதித்து, ஆடிட்டர் வீட்டுப் பூந்தொட்டியைச் சாய்த்துவிட்டு நேரானது. "இடது பக்கம். ஸ்டியரிங்கக் கழுத்த நெரிக்கிற மாதிரி பிடிக்காத. கண்ணாடியப் பாரு. ஐயோ, உன் மூக்குக்கண்ணாடிய இல்ல." மார்க்கெட் வழியாகப் போனபோது காய்கறி வண்டிகளெல்லாம் தாமாக ஒதுங்கின. சிஸ்டரம்மா ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. ஒலிபெருக்கி நெருங்கி வந்தது. ஒரு திருப்பத்தில் திடீரென்று எதிரே வண்டி.

"பிரேக்!" என்று கத்திய மாஸ்டர், அத்தனை வருஷப் பழக்கத்தில் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தார். கார் போய்க்கொண்டே இருந்தது. குனிந்து பார்த்தார். அவருடைய பாதம் பிரேக்கின் மேல் கிடந்து துடித்துக்கொண்டிருந்தது, அழுத்தவில்லை. சிஸ்டரம்மா தன் பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்தார். கார் வழுக்கி, வண்டிக்குக் குறுக்கே, ஒரு சாண் இடைவெளியில் நின்றது.

மாஸ்டர் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "மிதிச்சேன்" என்றார். "அது போகல."

"பாத்தேன்" என்றார் சிஸ்டரம்மா. தன் கையை அவர் முழங்காலின் மேல் வைத்து, நடுக்கம் கொஞ்சம் அடங்கும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டார். பிறகு கதவைத் திறந்து இறங்கினார்.

வண்டியில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஆய்வாளரே மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அந்தப் பேர உங்களுக்கு யார் சொன்னா?" என்று சிஸ்டரம்மா கேட்டார். ஆய்வாளர் மைக்கை மூட மறந்ததால் பதில் ஊருக்கே கேட்டது. "யாரும் சொல்லலம்மா. ஏதாவது ஒரு பேர் சொன்னாத்தானே ஜனங்க கதவ மூடுவாங்க?" சிஸ்டரம்மா அவர் கையிலிருந்து மைக்கை, காய்ச்சல் பார்த்து முடித்த தெர்மாமீட்டரை வாங்குவதுபோல் வாங்கிக்கொண்டார். "எல்லாரும் கேளுங்க" என்றார். குரலில் வார்டு முழுவதும் இருந்தது. "எங்க வீட்டுத் தோட்டத்துல ஒரு ஈ இருக்கு. பூ ஈ குடும்பம். அதுக்கு மேல என்னன்னு எங்களுக்கு இன்னும் தெரியல. தெரிஞ்சதும் நானே வந்து சொல்றேன். அதுவரைக்கும் யாரும் அதுக்குப் பேர் வெக்காதீங்க." தோட்டத்தில் ஈ கன்றுக்குட்டி அளவில் நின்றது. அதற்கு மேல் வளரவில்லை.

ஆய்வாளரைக் காரின் பின் இருக்கையில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். திரும்பும்போது சிஸ்டரம்மா நிதானமாகத்தான் ஓட்டினார் என்று ஆய்வாளர் பிற்பாடு சொன்னார், ஆனால் ஆய்வாளர் வழி முழுவதும் கண்ணை மூடியிருந்தார். தோட்டத்தில் விரிவுரையாளர் அவருடைய உள்ளங்கையில் சர்க்கரையைக் கொட்டி, கையை நீட்டச் சொன்னாள். ஈ வந்தது. அதன் வாய் பஞ்சுபோல், செருப்புக்குப் பாலீஷ் போடும் பிரஷ் அளவு இருந்தது. கையைச் சுத்தமாக நக்கிவிட்டுப் பின்னால் போய் நின்றது.

"கடிக்காதா?"

"வாயில பல்லே இல்ல சார். கொடுக்கும் இல்ல."

ஆய்வாளர் ஈரக் கையைப் பார்த்தார். மூக்கில் கட்டியிருந்த கைக்குட்டையை அவிழ்த்து அதைத் துடைத்துக்கொண்டார். "புகைய நிறுத்திடலாம். மேல கேட்டா என்னன்னு சொல்றது?"

"தெரியலன்னு சொல்லுங்க" என்றார் சிஸ்டரம்மா.

"இத்தனை வருஷ சர்வீஸ்ல நான் அந்த வார்த்தைய மேல சொன்னதே இல்லம்மா." ஆனால் சொன்னார். அப்படி ஒரு பதிலை மேலிடமும் அதுவரை கேட்டதில்லை, அதனால் என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே விட்டுவிட்டது.

இத்தனை பேர் இத்தனை தப்பாகக் கூப்பிட்டதில் ஒரு லாபம் இருந்தது. லென்ஸ் வைத்தால்தான் தெரிகிற சிறகு நரம்புகள் இப்போது ஜன்னல் கம்பி மாதிரி பளிச்சென்று தெரிந்தன. விரிவுரையாளர் சிஸ்டரம்மாவின் தையல் டேப்பை வாங்கி அவற்றை அளந்தாள். பின்தொடையில் முடிகள் சீப்புப் பல் போல் வரிசையாக நின்றன, எண்ணுவதற்கு விரலே போதும். மூன்றாவது நரம்பு ஓர் இடத்தில் முழங்கை மாதிரி மடங்கியது. அப்படி மடங்கும் ஈ எந்தப் புத்தகத்திலும் இல்லை. கல்லூரியில் இருந்த புத்தகங்கள் முடிந்து, அவளுடைய ஆசிரியர் வீட்டில் இருந்தவை முடிந்து, கடல்கடந்த மியூசியங்களுக்கு எழுதிக் கேட்டு, பதில் வர மழைக்காலம் ஒன்று போய் இன்னொன்று வந்தது.

காரில் போய் வந்த மறுநாளே, யாரும் கூப்பிடாமல், மாஸ்டர் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "வா, போலாம்" என்றார். நரம்பு டாக்டர் மருந்துச் சீட்டைக் கையில் எடுக்கவே இல்லை. நடக்கச் சொன்னார், திரும்பச் சொன்னார், விரல்களைத் தட்டச் சொன்னார், படம் எடுத்து வரச் சொன்னார். இன்னும் தெரியவில்லை என்று சொல்லி இரண்டு தடவை திருப்பி அனுப்பினார். மாஸ்டருக்கு முதன்முதலாக ஒரு டாக்டர் மேல் நம்பிக்கை வந்தது. மூன்றாம் தடவை டாக்டர் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பெயரைச் சொன்னார். நல்ல பெயர் இல்லை. குணமாகாது, மாத்திரையால் பிடித்து நிறுத்தலாம், ஓட்டுவதை விட்டுவிட வேண்டும். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மாஸ்டர் அந்தப் பெயரை, புது மாணவன் பெயரை நினைவு வைத்துக்கொள்வதுபோல், வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். வாசலில் நின்று, "உள்ள வந்துடுச்சு சிஸ்டர்" என்றார்.

"வரட்டும். எங்க உக்காருதுன்னு நமக்குத் தெரியும்ல" என்றார் சிஸ்டரம்மா. அன்றிரவு பிஸ்கெட் டப்பாவை அப்படியே குப்பையில் கொட்டினார். கொட்டியபின் டப்பாவைத் துடைத்து வைத்துவிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் கொஞ்சநேரம் அழுதார். மாஸ்டருக்குக் கேட்டது. எழுந்து வந்து குழாயை மூடினார், தண்ணீர் வீணாகிறது என்றார்.

மியூசியங்களிலிருந்து பதில் வந்தது. இப்படி ஓர் ஈ இதுவரை உலகத்தில் யார் கண்ணிலும் பட்டதில்லை, எனவே அதற்குப் பெயர் கிடையாது, கண்டவர்களே வைத்துக்கொள்ளலாம். விரிவுரையாளர் ஸ்கூட்டரை நிறுத்தக்கூடச் செய்யாமல் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து சொன்னாள். "நீங்கதாம்மா வெக்கணும். முதல்ல பாத்தது நீங்க."

பெயரே இல்லாத ஒன்றுக்கு வைக்கிற பெயர் தப்பாகுமா ஆகாதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஆனால் வைக்காமல் விட்டால், இன்றைக்கு இல்லாவிட்டாலும் என்றைக்காவது இன்னொரு வண்டி ஒலிபெருக்கியோடு கிளம்பும். விரிவுரையாளரின் பெயரை வைக்கலாம் என்றார் ஆடிட்டர். "என் மாமியார் பேர வை. சத்தம் ஒத்துப்போகுது" என்றார் மாஸ்டர். சிஸ்டரம்மா யார் பேச்சையும் காதில் வாங்கவில்லை. ஒரு வாரம் காலையும் மாலையும் ஈக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்தார். அழகான பெயர்கள் மனதில் வந்தன, பெரிய பெயர்கள் வந்தன. அவற்றையெல்லாம் சொல்லாமல் விழுங்கினார். பிறகு ஒரு நாள் காலையில் ஆய்வாளருக்குச் சொல்லியனுப்பினார். தெருவே மதில் சுவரில் தொற்றிக்கொண்டு நின்றது. விரிசல் விழுந்த பக்கம் யாரும் ஏறக் கூடாது என்று ஆடிட்டர் கண்டிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சிஸ்டரம்மா ஈயின் முகத்துக்கு நேராக நின்றார். செம்புக் கோடு போட்ட கண்கள் இரண்டிலும் நூறு நூறாக அவரே தெரிந்தார். "உன் காலப் பாத்தேன்" என்றார், அட்மிட் ஆன நோயாளியிடம் பேசும் குரலில். "நீ பூ ஈ. உன் முன்கால் ரெண்டும் வெள்ளை. எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான். அதனால நீ வெள்ளைக்கால் பூ ஈ."

ஈ நின்றது. விரிவுரையாளர் ஓடிப்போய்த் தையல் டேப்பால் நீளத்தை அளந்தாள், அகலத்தை அளந்தாள், மறுபடியும் நீளத்தை அளந்தாள். "வளரல" என்றாள். டேப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். சரியான பெயர் கிடைத்ததும் பழையபடி வெந்தயமாகச் சுருங்கிவிடும் என்று சிலர் நினைத்திருந்தார்கள், முக்கியமாக ஆடிட்டர். அவர் மத்தியானம்வரை சுவரில் காத்திருந்தார். அது சுருங்கவும் இல்லை. மாஸ்டர் ஒரு கையால் தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் சர்க்கரைத் தட்டை எடுத்து அதன் முன்னால் வைத்தார். அது குடித்தது.

அதன் பிறகு வருஷங்கள் ஓடின. விரிவுரையாளர் பேராசிரியர் ஆனாள், அப்போதும் சாப்பிட மறந்தாள், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு மட்டும் சிஸ்டரம்மா வீட்டில். ஆடிட்டர் மதிலைப் பூசினார், தோட்டத்துப் பக்கம் ஈ வந்துபோக ஒரு வாசல் விட்டே பூசினார். அவர் வீட்டு மாடித் தொட்டிகளிலும் காய் பிடிக்க வேண்டியிருந்தது. சிஸ்டரம்மா லைசென்ஸ் வாங்கி, டிரைவிங் ஸ்கூலைத் திரும்பத் திறந்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்க, மாஸ்டர் பின் இருக்கையில் சாய்ந்துகொண்டு இரண்டு பேரையும் திட்டினார். நடுக்கம் முழங்காலோடு நின்றிருந்தது. வெயில் நன்றாக அடிக்கிற நாட்களில் ஈ தெரு நடுவில் வந்து நிற்கும். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் அதற்கு ஹாரன் அடிக்காமல், கிளட்சை மிதித்துக் காத்திருக்கப் பழகினார்கள்.

பழைய ஆய்வாளர் மாற்றலாகிப் போனபின் புதிதாக ஓர் ஆய்வாளர் வந்தார். சின்ன வயசு, எதையும் விடாமல் பார்க்கிறவர். வீடு வீடாகச் சோதனை போட்டுக்கொண்டு வந்தவர் சிஸ்டரம்மாவின் தோட்டத்துக்குள்ளும் வந்தார். கன்றுக்குட்டி அளவு ஈ பூசணிப் பந்தலுக்கு மேலே நின்று அவருடைய தலைமுடியைக் கலைத்தது. அவர் 'வெள்ளைக்கால் பூ ஈ' என்று நோட்டில் குறித்துவிட்டு, முடியை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு, அதன் வயிற்றுக்கு அடியில் குனிந்து போய், தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தார்.

"மூடி சரியா உக்காரலம்மா. மேல ஒரு கல்லத் தூக்கி வைங்க" என்றார். "கொசு வந்துடப் போகுது."